சனிக்கிழமை ஏற்றாத விளக்கு

ராசமலரக்காவைப் பற்றி எழுதப்போகிறேன் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். உடனே டென்மார்க்கின் பிரெடெரிசியா நகரத்திலிருந்து இரண்டு பேர் தொலைபேசி எடுத்து, "உனக்கேன் அந்தோனி தேவையில்லாத வேலை? பழசைக் கிண்டாதை" என்றார்கள். அந்த இரண்டு பேரும் ஒரு காலத்தில் ஞாயிறு தவறாமல் அக்கா வீட்டில் மூக்குமுட்டச் சாப்பிட்டவர்கள். அவர்கள் எடுத்திருக்காவிட்டால் ஒருவேளை நான் சோம்பலில் விட்டிருப்பேன். இப்போது வந்த கோபத்துக்கு எழுதாமல் இருக்க முடியாது.

அக்காவிடம் மட்டும் அனுமதி கேட்டேன். முதியோர் இல்லமொன்றில் கடைசியாக வேலை பார்த்து ஓய்வு எடுத்துவிட்டார். முழங்கால் வருத்தத்தைத் தவிர வேறு குறை இல்லை என்கிறார். "எழுது. ஆனால் என்னைப் பெரிய ஆள் ஆக்கிப்போடாதை. அவரையும் அரக்கன் ஆக்கிப்போடாதை" என்றார்.

அக்கா டென்மார்க்குக்கு வந்தது எண்பத்தாறில், கணவர் சிறீஸ்கந்தராசாவோடும் கைக்குழந்தை சாரங்கியோடும். குடும்பமாக வந்து சேர்ந்தது அவர்களின் அதிர்ஷ்டம். எங்களில் பெரும்பாலானவர்கள் தனி ஆண்கள். முதலில் நாங்கள் வருவது, அகதி என்று ஏற்றுக்கொண்டதும் மனைவி பிள்ளைகளைக் கூப்பிடுவது என்பதுதான் எல்லாருடைய திட்டமும். சட்டமும் அதற்கு இடம் கொடுத்தது. எண்பத்தேழின் கடைசியில் அந்தக் கதவு சத்தமில்லாமல் சாத்தப்பட்டது. இல்லை என்று ஒருவரும் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. விண்ணப்பங்களைப் பார்க்கிற அரசாங்கக் கந்தோரில் போய்க் கேட்டால், "பார்த்துக்கொண்டிருக்கிறோம், பொறுங்கள்" என்று சிரித்த முகத்தோடு அனுப்பிவிடுவார்கள். எங்கள் விண்ணப்பங்களை எடுக்கவேண்டாம் என்று மேலேயிருந்து ஒரு மந்திரி சொல்லியிருந்தார் என்பது பிறகுதான் வெளியே வந்தது. அது எங்கள் பெயராலேயே ஒரு வழக்காகி, அரசாங்கத்தையே விழுத்தியது தொண்ணூற்று மூன்றில். நான் சொல்லப்போவது எண்பத்தொன்பதாம் ஆண்டின் தை மாசிக் கதை. அப்போது எங்களுக்கு ஒன்றும் தெரியாது. ஊரில் இந்திய இராணுவம் நின்றது. வானொலியில் செய்தி கேட்ட பிறகு ஒருவன் முகத்தை மற்றவன் பார்க்கமாட்டோம்.

இப்படித் தலையில் கைவைத்துக்கொண்டு திரிந்த எங்களை ஞாயிறு மத்தியானங்களில் கூப்பிட்டுச் சோறு போட்டவர் அக்கா. கிழமை முழுவதும் என்னோடு மீன் பதனிடும் ஆலையில் கால் விறைக்க நின்றுவிட்டு, ஞாயிறும் குசினி அடுப்படியில் நிற்பார். சாப்பாடு முடிந்ததும் முன்னூற்றிநாலு என்கிற சீட்டுக் கடதாசி ஆட்டம். ஊரில் தமையன்மாரோடு விளையாடி வளர்ந்தவர், எங்களையெல்லாம் ஓட ஓட வெல்லுவார். அந்த ஆட்டத்தில் ஏலம் கேட்டவர் துரும்புச் சீட்டைக் கவிழ்த்து வைத்திருப்பார். அது என்னவென்று மற்றவர்கள் ஊகித்து விளையாட வேண்டும். நாங்கள் விழுந்த கடதாசியைப் பார்த்து யோசிப்போம். அக்கா, விழவேண்டிய இடத்தில் விழாத கடதாசியைப் பார்த்து யோசிப்பார். "அவன் உதிலை ஏன் வெட்டேல்லை? அப்ப அவனிட்டை இல்லை. அவனிட்டை இல்லாட்டி ஆரிட்டை?" என்று முணுமுணுத்தபடி அடுத்த கடதாசியைப் போடுவார். எரிச்சலாக இருக்கும்.

சிறீ அண்ணை கடதாசி தொடமாட்டார். இரும்பு ஆலையில் வேலை, அதிர்ந்து பேசாத மனிதர், சரியான சாமிப் போக்கு. எங்கள் பக்கத்தில் அப்போது கோயிலும் இல்லை, ஐயரும் இல்லை. விசேட நாட்களில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, மேசையில் படங்களை வைத்து, சிறீ அண்ணைதான் தேவாரம் பாடிக் கற்பூரம் காட்டுவார். வீட்டிலே குசினிக்குப் பக்கத்துத் தட்டில் சாமிப்படங்கள். வேலைக்குப் போகுமுன் அங்கே விளக்கு வைக்காமல் தேத்தண்ணிகூடக் குடிக்கமாட்டார். காய்ச்சலில் படுத்தால் "மலர், நீ கொளுத்து" என்பார். அக்காவுக்கு விலக்கான நாட்களில் அவர் கொளுத்துவார். ஒருவர் இல்லாவிட்டால் மற்றவர். அந்த வீட்டில் விளக்கு எரியாத நாளை நான் கண்டதில்லை.

அவருக்கு இந்த நாட்டில் இருந்த ஒரே இரத்த உறவு கனகேந்திரன். தகப்பன்மார் இருவரும் அண்ணன் தம்பி. கனகேந்திரனின் பெண்சாதியும் இரண்டு பிள்ளைகளும் யாழ்ப்பாணத்தில். அந்தக் கலியாணத்தைப் பேசி, பெண்ணின் தகப்பனுக்குப் பொறுப்புச் சொன்னவரே சிறீ அண்ணைதான். கனகேந்திரனோடு ஒரே வீட்டில் குடியிருந்தவன் லோரன்ஸ். மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கன், என்னைப்போல வேதக்காரன். அவனுடைய மனைவி மேர்சி, பிறந்தபின் அவன் கண்ணாலும் காணாத பெண்குழந்தையோடு, அங்கே ஒரு தேவாலய வளவுக்குள் அகதியாக இருந்தாள். கனகேந்திரனுக்கும் லோரன்சுக்கும் ஓயாத சண்டை. எல்லாம் தோசைக்கல்லைப் பற்றித்தான். கனகேந்திரன் தோசைக்கென்று வைத்திருந்த இரும்புக் கல்லில் லோரன்ஸ் மீன் பொரித்துவிடுவான். இவன் கத்துவான், அவன் கத்துவான், பிறகு இரண்டு பேரும் ஒரே சாப்பாட்டுக் கோப்பையில் சாப்பிடுவார்கள்.

அந்தத் தை மாதம் எங்களுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. நீதி மந்திரி மாறியிருந்தார். கிடப்பில் கிடந்த விண்ணப்பங்களை இனி எடுப்பார்கள் என்று கதை அடிபட்டது. லோரன்சின் கால் நிலத்தில் நிற்கவில்லை. பிள்ளைக்குக் குளிர்ச்சட்டை வாங்கி வைத்துவிட்டு, அளவு சரியாக இருக்குமோ என்று காண்கிறவனையெல்லாம் கேட்டான்.

தைப்பூசம் சனிக்கிழமை வந்தது. முதல்நாள் வெள்ளி பின்னேரம் லோரன்ஸ் கிரின்ஸ்டெட் என்ற ஊரில் இருந்த ஒரு சினேகிதன் வீட்டுக்குப் போனான். ஞாயிறு பூசை கண்டுவிட்டு மத்தியானம் திரும்பி வந்து கதவைத் திறந்தால், குசினி நிலத்தில் கனகேந்திரன் கிடக்கிறான். பின்மண்டை உடைந்திருக்கிறது. இரத்தம் காய்ந்துபோயிருக்கிறது.

இந்த இடத்தில் ஒரு டெனிஷ்காரன் என்ன செய்வான்? ஒன்றையும் தொடாமல் பொலிசுக்கு அடிப்பான். லோரன்ஸ் எங்கள் ஆள். கோணிக்கொண்டு கிடந்த கூட்டாளியை அப்படியே விட அவனுக்கு மனம் வரவில்லை. இழுத்து நிமிர்த்திக் கிடத்தினான். முகத்தைத் துடைத்தான். கண்ணை மூடி, தாடையைச் சால்வையால் கட்டி, கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டினான். தலைமாட்டில் மெழுகுதிரி கொளுத்தி முழங்காலில் நின்று செபம் சொன்னான். அதன்பிறகு பொலிசுக்கு அல்ல, உரித்துக்காரர் என்று சிறீ அண்ணைக்குத்தான் அடித்தான். அவர் வந்து பிணத்தின்மேல் விழுந்து குழறினார். டெனிஷ் கதைக்கத் தெரிந்தவன் என்று பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். நான்தான் பொலிசைக் கூப்பிட்டேன்.

பொலிஸ் வந்து பார்த்தால் கட்டிய கால்விரலும் கட்டிய தாடையும் மெழுகுதிரியும். லோரன்சின் சட்டையிலும் கையிலும் இரத்தம். அடித்தது அந்தத் தோசைக்கல்லால்தான் என்று கண்டுபிடித்தார்கள். அது கழுவப்பட்டுத் தொட்டியில் இருந்தது. பிடியில் கழுவுப்படாமல் விட்ட ஓரத்தில் லோரன்சின் கை அடையாளம். தினமும் மீன் பொரிக்கிறவனின் அடையாளம் இல்லாமல் வேறு யாருடையது இருக்கும்? கீழ்வீட்டு டெனிஷ் கிழவி வெள்ளி மாலை மேலே இரண்டு ஆண்கள் வேற்று மொழியில் கத்தியது கேட்டதாகச் சொன்னார். அந்த நேரம் பஸ்சுக்கு நடந்துகொண்டிருந்தேன் என்றான் லோரன்ஸ். இருட்டில், பனியில் நடந்தவனை யார் பார்த்தது? அன்றே கொண்டுபோய் விளக்கமறியலில் போட்டார்கள்.

எங்கள் சனத்தைச் சொல்லவேண்டும். பொலிசுக்காவது ஒரு சந்தேகம் இருந்தது; எங்களவர்களுக்கு அதுவும் இல்லை. "மன்னார்க்காரன், கோபக்காரன், மீன் சண்டை முத்திப்போச்சு" என்று ஒரு கிழமைக்குள் தீர்ப்பே சொல்லிவிட்டார்கள். நான் மறியலுக்குப் போய்ப் பார்த்தேன். லோரன்ஸ் தன்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "மேர்சிக்குச் சொல்லிப்போடாதை. விண்ணப்பக் கடதாசியை எடுக்கிறாங்களோ எண்டு மட்டும் பார்" என்றான். கந்தோரில் கேட்டேன். வழக்கு முடியும்வரை அந்த விண்ணப்பத்தைத் தொடமாட்டோம் என்றார்கள். கொலைகாரன் என்று தீர்ப்பானால் மேர்சியும் பிள்ளையும் எந்தக் காலத்திலும் வரமுடியாது. அன்று வீட்டுக்கு வரும் வழியில் எனக்கு அழுகை வந்தது.

கனகேந்திரனை எரித்தார்கள். சிறீ அண்ணை கொள்ளி வைத்தார், முறைப்படி துடக்குக் காத்தார். துடக்கு என்பது தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சைவக் குடும்பத்தில் ஒருவர் செத்தால், தகப்பன்வழிப் பங்காளிகளுக்கும் அவர்களின் மனைவிமாருக்கும் ஒரு மாதம் தீட்டு. விளக்கு வைக்கக்கூடாது, கோயிலில் முன்னுக்கு நிற்கக்கூடாது, திருநீறு பிரசாதம் வாங்கக்கூடாது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்து வீடு கழுவிய பிறகுதான் மறுபடி விளக்கு.

அந்தியேட்டி முடிந்த மறுநாள் மத்தியானம், ஆலைச் சாப்பாட்டு அறையில் அக்கா என் முன்னால் வந்து இருந்தார். சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கவில்லை. முகம் செத்துப்போயிருந்தது.

"அந்தோனி, உன்னட்டை ஒண்டு கேக்கிறன். பிழையெண்டால் பிழை எண்டு சொல்லு. நேற்று விளக்கைக் கொளுத்தேக்கை யோசிச்சனான், கடைசியா எப்ப கொளுத்தினது எண்டு. வெள்ளிக்கிழமை விடிய."

"ஓம், ஞாயிற்றுக்கிழமைதானே செய்தி தெரிஞ்சது."

"ஞாயிறு மத்தியானம் தெரிஞ்சது. சனி விடிய ஏன் கொளுத்தேல்லை? அண்டைக்குத் தைப்பூசம்."

"மறந்திருப்பார்" என்றேன்.

"மறக்கேல்லை. நான் தலை தோய்ஞ்சுபோட்டு நெருப்புப்பெட்டியை எடுத்தனான். அவர் என்ரை கையிலையிருந்து அதை வாங்கி வைச்சவர். விடு, மண்டபத்திலை கொளுத்துவம்தானே எண்டார். மண்டபத்திலை கை சுளுக்கெண்டு சொல்லி, கற்பூரத் தட்டை வேறை ஆளிட்டைக் குடுத்தவர். நீயும் வந்து நிண்டனீ, கண்டனீதானே?"

கண்டேன். பொங்கல் சாப்பிட நானும் போயிருந்தேன். சிறீ அண்ணை கோட்டுகள் மாட்டுகிற இடத்தில் வெறும் நெற்றியோடு நின்றார். நான் அதைக் கவனித்தும் ஒன்றும் நினைக்கவில்லை.

"கை சுளுக்கெண்டால் தட்டுப் பிடிக்கேலாது. திருநீறு பூசலாமே? அதை விடு. சுளுக்கு அவருக்கு. நான் ஏன் முன்னுக்குப் போகக்கூடாது? பிள்ளை சிணுங்குது, பின்னுக்கு நில் எண்டு என்ரை முழங்கையைப் பிடிச்சு வைச்சிருந்தவர். பிள்ளை சிணுங்கேல்லை, அந்தோனி."

பிறகு விரல் மடித்து, ஆட்டத்தில் முணுமுணுப்பதுபோலவே மெல்லச் சொல்லிக்கொண்டு போனார். அவருக்கு வருத்தமென்றால் அக்கா கொளுத்தியிருக்கலாம். அக்காவுக்கு விலக்கென்றால் அவர் கொளுத்தியிருப்பார். இரண்டு பேருமே கொளுத்தக்கூடாது என்றால் அதற்கு ஒரே ஒரு காரணம்தான் உண்டு: அவருடைய பங்காளிகளில் ஒருவர் செத்த துடக்கு. ஊரில் யாராவது செத்திருந்தால் தகவல் வந்திருக்கும், வீட்டில் அழுகை கேட்டிருக்கும். அப்படி ஒன்றும் வரவில்லை. இந்த நாட்டில் இருந்த பங்காளி ஒருவன்தான். அவன் செத்துவிட்டான் என்று சனிக்கிழமை ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

"ஒருத்தருக்கும் தெரியாததை, அவர் சனி விடியவே காத்தவர்" என்றார் அக்கா.

வெள்ளி பின்னேரம் அக்காவுக்கு ஆலையில் வேலை. சிறீ அண்ணை பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, மண்டபத்தை ஒழுங்குபடுத்தப் போனதாகச் சொல்லியிருந்தார். தனியாகத்தான் போனார். கீழ்வீட்டுக் கிழவி கேட்ட இரண்டாவது குரல் யாருடையது என்று அதன்பிறகு நான் யோசிக்கத் தேவையிருக்கவில்லை. "அக்கா, வாங்கோ இப்பவே பொலிசுக்குப் போவம்" என்று எழும்பிவிட்டேன்.

"இரு. இன்னும் ஒண்டு இருக்கு. அவர் போகேக்கை அவன் ஏற்கெனவே செத்துக் கிடந்திருக்கலாம். பயத்திலை பேசாமல் வந்திருக்கலாம். அப்பிடி இருக்கேலாது எண்டு நீ எனக்குச் சொல்லேலாது."

அது சரிதான். ஆனால் அதைச் சொல்லும்போது அக்காவின் கண்ணைப் பார்த்தேன். அந்த ஒன்றைத்தான் அவர் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார்.

அன்று பின்னேரமே கணவரைக் கேட்டார். இதை அக்கா எனக்குச் சொன்னது பல வருடங்களுக்குப் பிறகு, எல்லாம் முடிந்தபிறகு. சிறீ அண்ணை குசினி மரவாங்கில் இருந்து சாரங்கியின் சப்பாத்துக்குக் கயிறு கோத்துக்கொண்டிருந்தாராம்.

"சனிக்கிழமை ஏனப்பா என்னை விளக்குக் கொளுத்த விடேல்லை?"

அவர் நிமிரவில்லை. அக்கா பக்கத்தில் போய் இருந்து கெஞ்சியிருக்கிறார். "நீங்கள் போகேக்கை அவன் செத்துக் கிடந்தவன். பயந்துபோய் வந்திட்டியள். அப்பிடித்தானே? அப்பிடியெண்டு ஒருக்காச் சொல்லுங்கோ, நான் நம்புறன். நாளைக்குப் போய் அதைச் சொல்லுவம், லோரன்சை விட்டிடுவாங்கள்."

பொய் சொல்ல அவ்வளவு வழி திறந்துவிட்டும் அந்த மனிதர் சொல்லவில்லை. கோத்த கயிற்றை முடிந்துவிட்டு, "அவன் பெண்சாதி இனி வேண்டாமெண்டு எழுதிக் குடுக்கப்போறன் எண்டவன், மலர்" என்றார்.

கனகேந்திரனுக்கு வேலையிடத்தில் ஒரு டெனிஷ் பெண்ணோடு பழக்கம் என்று எங்களுக்கும் அரசல்புரசலாகத் தெரியும். காத்திருந்து காத்திருந்து அவன் மனம் விட்டுப்போயிருக்கிறான். விண்ணப்பங்களை எடுக்கப்போகிறார்கள் என்ற செய்தி வந்ததும் எங்களுக்கெல்லாம் சந்தோசம், அவனுக்குப் பயம். பெண்சாதி வந்துவிட்டால் என்ன செய்வது? அதற்குள் மனுவைத் திருப்பி எடுக்க நினைத்தான். சிறீ அண்ணை புத்தி சொல்லப் போனார். "நீங்கள் பேசின கலியாணம்தானே, நீங்களே அவளைப் பாருங்கோ" என்று அவன் சொல்லிவிட்டுத் திரும்பியிருக்கிறான். தோசைக்கல் கைக்கு எட்டிய இடத்தில் இருந்தது.

"நீங்களாப் போய்ச் சொல்லுங்கோ" என்றார் அக்கா.

"லோரன்ஸ் செய்யேல்லைத்தானே. செய்யாதவனை இந்த நாட்டிலை உள்ளுக்கை வைச்சிருக்க மாட்டாங்கள். நான் போனால் நீயும் பிள்ளையும் என்ன செய்வியள்?"

அக்கா அவருக்குத் தவணை கொடுத்தார். நாளைக்குப் போவார், நாளைக்குப் போவார் என்று பார்த்தார். அவர் வேலைக்குப் போனார், வந்தார், விளக்கு வைத்தார், தேவாரம் பாடினார். லோரன்சுக்கு மறியலை நீடித்துவிட்டார்கள் என்ற செய்தியை நான் ஆலையில் சொன்ன அன்று, அக்கா கையுறையைக் கழற்றிவிட்டு, "வா" என்றார்.

பொலிஸ் அதிகாரி தலைநரைத்த, பொறுமையான மனிதர். கோப்பி வாங்கித் தந்தார். முதலில் அவர் சொன்னது, மனைவி என்றபடியால் கணவருக்கு எதிராக எதுவும் சொல்லவேண்டிய கட்டாயம் அக்காவுக்கு இல்லை என்பது. நான் மொழிபெயர்த்தேன். "தெரியும். சொல்லுறன் எண்டு சொல்லு" என்றார் அக்கா.

விளக்கு, நெருப்புப்பெட்டி, கற்பூரத் தட்டு என்று ஒன்றுவிடாமல் சொன்னார். துடக்கை எனக்கு டெனிஷில் விளங்கப்படுத்தத் தெரியவில்லை. துக்கம் காப்பது என்று சொல்லிப் பார்த்தேன். அதிகாரி தலையாட்டிய விதத்தைப் பார்த்து அக்காவுக்குக் கோபம் வந்தது. "துக்கம் விரும்பினால் காக்கிறது. இது விருப்பமில்லாட்டிலும் காக்கவேணும். அதை வடிவாச் சொல்லு" என்றார். சொன்னேன். அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"உங்கள் கணவர் உங்களிடம் ஏதாவது ஒப்புக்கொண்டாரா?" என்று கேட்டார்.

"புருசன் பெண்சாதிக்குச் சொன்னதை நான் சொல்லமாட்டன். நானாக் கண்டுபிடிச்சதைத்தான் சொல்ல வந்தனான்."

"ஒரு விளக்கை ஏற்றாதது நீதிமன்றத்தில் சாட்சியம் ஆகாது, அம்மா."

"ஆகாது. அவரைக் கூப்பிட்டு எங்கை போனனீர், எத்தனை மணிக்குப் போனனீர் எண்டு கேளாதேங்கோ. அதுக்கெல்லாம் மறுமொழி வைச்சிருப்பார். சனிக்கிழமை ஏன் விளக்கு வைக்கேல்லை எண்டு கேளுங்கோ. சாமி விசயத்திலை அவர் பொய் சொல்லமாட்டார்."

வெளியே வந்ததும் அக்கா படிக்கட்டில் குந்திவிட்டார். பனி பெய்துகொண்டிருந்தது. "இனி நான் எந்த முகத்தோடை வீட்டை போறது?" என்று என்னைக் கேட்டார். லோரன்ஸ் வெளியே வரப்போகிறான் என்ற சந்தோசம் எனக்குள் இருந்தது. அதை நினைக்க எனக்கே வெட்கமாக இருந்தது.

வழக்கு நடந்தபோது, பொலிஸ் சிறீ அண்ணையை விசாரித்தபோது நடந்ததை நீதிமன்றத்தில் வாசித்தார்கள். சிறீ அண்ணை எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தார். மண்டபத்தில் கதிரை அடுக்கினேன், அப்போதுதான் கை சுளுக்கியது, நேரே வீட்டுக்கு வந்தேன். கடைசியாக அந்த அதிகாரி விளக்கைப் பற்றிக் கேட்டிருக்கிறார். சிறீ அண்ணை தண்ணீர் கேட்டார். கொடுத்ததைக் குடிக்கவில்லை. "அவன் என்ரை தம்பி. எனக்குத் துடக்கு" என்றார். பிறகு முழுவதையும் சொன்னார். வாசித்து முடித்தபோது அவர் கூண்டிலிருந்து அக்காவைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன் என்று அக்கா பிறகு சொன்னார்.

லோரன்சை விட்டார்கள். சிறீ அண்ணை சிறைக்குப் போனார். பல வருடங்களுக்குப் பிறகு வெளியே வந்து, இஷொய் என்ற ஊர்ப் பக்கம் தனியே இருந்து, அங்கேயே காலமானார். அக்கா வீட்டு ஞாயிற்றுக்கிழமைகள் அன்றோடு முடிந்தன. அக்கா கூப்பிட்டார், ஒருவரும் போகவில்லை. "புருசனைக் காட்டிக் குடுத்தவள்" என்று பட்டம் கட்டினார்கள். லோரன்சைப் பற்றி வாய்க்கு வந்ததெல்லாம் சொன்ன அதே வாய்கள்தான். பூசை மண்டபத்தில் அக்கா இருந்தால் பக்கத்துக் கதிரை வெறுமையாகக் கிடக்கும். அப்பா எங்கே என்று சாரங்கி டெனிஷில் கேட்டுக் கேட்டு, ஒரு வயதில் கேட்பதை விட்டுவிட்டாள். கனகேந்திரனின் பெண்சாதிக்கு உண்மைக் காரணத்தை யாரும் எழுதவில்லை. எனக்கு அந்தச் சனத்தின்மேல் இன்றைக்கும் கோபம் ஆறவில்லை. கந்தோர் மேசைக்குள் எங்கள் கடதாசிகளைப் பூட்டி வைத்தவர்கள்மேலும் ஆறவில்லை. அந்த ஒரு வருடம் ஒழுங்காகப் போயிருந்தால் கனகேந்திரன் பெண்சாதி பிள்ளைகளோடு சண்டைபிடித்துக்கொண்டு உயிரோடு இருந்திருப்பான்.

மேர்சியும் பிள்ளையும் அடுத்த வருடம் வந்து சேர்ந்தார்கள். லோரன்ஸ் கிரின்ஸ்டெட்டில் வேலை எடுத்து அங்கேயே வீடும் பார்த்திருந்தான். வந்து கொஞ்ச நாளில் மேர்சி எனக்குத் தொலைபேசி எடுத்து, ராசமலரக்காவைப் பார்க்கவேண்டும் என்றாள். லோரன்ஸ் காரில் கொண்டுவந்து விட்டான், மேலே வரவில்லை. அக்காவின் முகத்தைப் பார்க்க அவனால் முடியவில்லை. வீடு தெரியாது என்று நான்தான் மேர்சியைக் கூட்டிக்கொண்டு போனேன். மெலிந்து, கண் உள்ளே போய், வயதுக்கு மூத்தவளாக இருந்தாள்.

நன்றி சொல்லத்தான் வந்திருக்கிறாள் என்று நான் நினைத்தேன். அக்காவும் அப்படித்தான் நினைத்திருப்பார். தேத்தண்ணி ஊற்றி வைத்துவிட்டு எதிரே இருந்தார். மேர்சி கோப்பையைத் தொடவில்லை. அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு விக்கி விக்கி அழுதாள்.

"அக்கா, வந்த நாள் தொட்டு எனக்கு நித்திரையில்லை. உங்களுக்கு நன்றி சொல்லவேணும் எண்டு நினைக்கிற நேரமெல்லாம் ஒண்டுதான் மனசிலை வருகுது. நானெண்டால் சொல்லியிருக்கமாட்டன். என்ரை மனுசன் செய்து, உங்கடை மனுசன் உள்ளுக்கை கிடந்திருந்தால், நான் பேசாமல் இருந்திருப்பன் அக்கா. சாகுமட்டும் வாய் திறந்திருக்கமாட்டன்."

கீழே லோரன்ஸ் காரின் ஹோர்னை அடித்தான். பிள்ளை அழுதிருக்க வேண்டும். அக்கா கையை இழுக்கவில்லை. மேர்சியின் முகத்தைச் சீலைத் தலைப்பால் துடைத்துவிட்டார்.

"அது எனக்கு விளங்கும், பிள்ளை" என்றார். "லோரன்சுக்கு மட்டும் அதைச் சொல்லிப்போடாதை."